விடுதியைக் காலி செய்யும் மாணவரின் சாமான்கள் எங்கே போகும்?

வாடகைக்கு எடுத்த சிறு அறையிலோ பெட்டகத்திலோ ஒருவர் தன் சாமான்களைப் பூட்டிவைத்து, சில வாரங்களோ சில ஆண்டுகளோ கழித்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு செல்ஃப் ஸ்டோரேஜ் என்று பெயர். இடத்தை நிறுவனம் தருகிறது. பூட்டும் சாவியும் வாடகைக்காரரிடம் இருக்கும். வீடு மாறுவோரும் வெளிநாடு போவோரும் கடைச் சரக்கை ஒதுக்கி வைப்போரும் இதைப் பயன்படுத்துகிறார்கள். இவர்களுக்கு அடுத்தபடியாக இதை நாடுவோர், விடுதியில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்கள். ஆண்டில் ஓரிரு முறை அறையைக் காலி செய்தாக வேண்டியவர்கள் அவர்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், பொன்முடி மலைக்குப் போகும் வழியில் உள்ள வித்துராவில் இந்தத் தேவையை நன்றாகப் பார்க்கலாம். ஐசர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் திருவனந்தபுரத்தில் 2008இல் தொடங்கியது. தொடக்கத்தில் நகரத்தின் அரசுப் பொறியியல் கல்லூரி வளாகத்தில் இயங்கியது. பிறகு வித்துராவை அடுத்த மருதமலையில் 200 ஏக்கர் நிரந்தர வளாகத்துக்குப் படிப்படியாக இடம் மாறியது. இந்த மருதமலை வேறு, கோவை மருதமலை வேறு. வளாகத்தைச் சுற்றிலும் காடும் தோட்டங்களும். ஊருக்கு ரயில் கிடையாது. எல்லாச் சாமானும் நெடுமங்காடு வழியாக மலைப்பாதைப் பேருந்திலோ வாடகை வண்டியிலோதான் ஏறி இறங்க வேண்டும். நெடுமங்காட்டுக்கு அருகே வலியமலையில் உள்ள, 2007இல் தொடங்கப்பட்ட விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவர்களுக்கும் நிலைமை ஏறக்குறைய இதுவே.

இத்தகைய நிறுவனங்களில் படிப்போர் இந்தியா முழுவதிலிருந்தும் வருகிறார்கள். நாகர்கோவில், திருநெல்வேலி, தென்காசி மாணவர்களுக்கு வீடு சில மணி நேரத் தொலைவு. அஸ்ஸாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவருக்கு இரண்டு மூன்று நாள் ரயில் பயணம். ஐந்தாண்டு பி.எஸ்.–எம்.எஸ். படிப்பில் சேர்ந்தவர் முதலாண்டில் ஒரு சூட்கேஸும் ஒரு தோள்பையுமாக வந்து இறங்குவார். மூன்றாம் ஆண்டில் அவரிடம் மெத்தை, வாளி, மின்கெட்டில், மேசை விசிறி, சைக்கிள், முப்பது நாற்பது புத்தகங்கள், குளிர்கால உடை, கிதாரோ கிரிக்கெட் மட்டையோ சேர்ந்திருக்கும். இது ஊதாரித்தனம் ஆகாது. ஒருவர் ஐந்தாண்டு வாழும் இடத்தில் சேரக்கூடிய இயல்பான குடித்தனம்தான்.

அறையைக் காலி செய்யும் நிலை பல வழிகளில் வரும். மே மாதத்தில் பருவம் முடிந்து ஆகஸ்டில் அடுத்தது தொடங்கும் வரையான கோடை விடுமுறை முதலாவது. அந்த இடைவெளியில் அறைகளுக்கு வெள்ளையடிப்பது, மின்கம்பி மாற்றுவது, ஆண்டுதோறும் அறையை மாற்றி ஒதுக்குவது ஆகியவற்றுக்காகப் பல விடுதிகள் காலி செய்யச் சொல்லும். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். அறிவியல் மாணவருக்குக் கோடை என்பது ஊருக்குப் போகும் காலமாகவும் இருப்பதில்லை. மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 ரூபாய் கோடைக்கால ஆய்வுப் பணிக்கு என்றே ஒதுக்கப்பட்டது. அந்த ஆய்வுக்காகப் பெங்களூரு, சென்னை, மும்பை, புணே என்று மாணவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு வேறொரு நகரத்தின் விருந்தினர் அறையில் தங்கப் போகிறவர், மெத்தையையும் வாளியையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. முனைவர் பட்ட ஆய்வாளர் கள ஆய்வுக்காகவோ வெளிநாட்டு ஆய்வகத்தில் ஆறு மாதம் பணிபுரியவோ போகும்போதும் இதே சிக்கல். படிப்பு முடிந்து மே மாதத்தில் வெளியேறி, செப்டம்பரில் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ சேர இருப்பவருக்கு இது இன்னும் கூர்மையாக வரும். அவருக்குத் திரும்பி வர விடுதி அறை இருக்காது.

பூட்டிய அறையை வாடகைக்கு விடும் தொழில் அமெரிக்காவில் 1960களில் உருவானது. டெக்சாஸ் மாநிலத்தின் எண்ணெய் நகரமான ஒடெசாவில் அந்தப் பத்தாண்டில் திறக்கப்பட்ட வரிசை அறைகளை இதன் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இன்று உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றான பப்ளிக் ஸ்டோரேஜ் 1972இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. பிரிட்டனில் இது மாணவர் வாழ்க்கையோடு நெருக்கமாக இணைந்துவிட்டது. அங்கே இளநிலை மாணவருக்கான விடுதி ஒப்பந்தங்கள் பல ஏறத்தாழ 40 வாரத்துக்கே இருக்கும். கோடையில் அறையை விட்டாக வேண்டும். நிறுவனங்கள் காலிப் பெட்டிகளை அறைக்கே கொண்டுவந்து கொடுத்து, நிரப்பியதும் எடுத்துப் போய், செப்டம்பரில் புதிய அறைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். 2012 அக்டோபர் முதல் அங்கே இந்தச் சேவைக்கு 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி விதிக்கப்படுகிறது. சிங்கப்பூரில் வீடுகள் சிறியவை என்பதால் தொழிற்பேட்டைக் கட்டடங்களுக்குள்ளேயே அடுக்கடுக்காக இத்தகைய அறைகள் இருக்கின்றன. அங்குள்ள பல்கலைக்கழகங்களில் படிக்கும் தமிழ் மாணவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து ஓர் அறையை எடுத்து, வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். 25 சதுர அடி, அதாவது ஐந்துக்கு ஐந்து அடி அறை, தலை உயரத்துக்கு அடுக்கினால் மூன்று நான்கு மாணவர்களின் பெட்டிகளுக்குப் போதும்.

இந்தியாவில் இந்தத் தொழில் பெங்களூரு, மும்பை, டெல்லி, ஹைதராபாத், சென்னை போன்ற பெருநகரங்களில்தான் வேர் பிடித்திருக்கிறது. அதிலும் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் வாடகைக்காரரே சாவியோடு போய் அறையைத் திறக்கலாம். இரண்டாவது வகையில் நிறுவனத்தின் ஆட்கள் வந்து பொருள்களைக் கட்டி, பட்டியல் எழுதி, எண் ஒட்டி, நகரத்துக்கு வெளியே உள்ள கிடங்கில் அடுக்குவார்கள். வேண்டும்போது முன்கூட்டியே சொன்னால் திருப்பிக் கொண்டுவருவார்கள். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனங்கள் பலவும் தங்கள் கிடங்கில் இப்படி வைத்துக்கொள்கின்றன. இந்தியாவில் மாணவர் கைக்கு எட்டுவது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வசதியோடு நிற்பதில்லை. பொருள் கெட்டால் யார் பொறுப்பு என்பதையும் அது மாற்றும். அதைப் பின்னால் பார்க்கலாம்.

வித்துரா போன்ற ஊரில் இருப்பவர் முதலில் போட வேண்டியது ஒரு கணக்கு. எடுத்துக்காட்டாக, நகரத்தில் மாத வாடகை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு 3,000. அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 3,540. மலையடிவாரத்திலிருந்து நகரத்துக்கு வண்டி வாடகை போகவும் வரவும் 1,500 வீதம் 3,000. ஆக 6,540 ரூபாய். ஒரு பஞ்சு மெத்தை, வாளி, கொசுவலை, பழைய மேசை விசிறி ஆகிய எல்லாவற்றையும் புதிதாக வாங்கினாலும் இவ்வளவு ஆகுமா என்பது சந்தேகம். எனவே ஒரு கோடை விடுமுறைக்காகத் தனி ஒருவர் நகரத்தில் இடம் பிடிப்பது பெரும்பாலும் நஷ்டமே. நான்கு பேர் சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்பினால் கணக்கு மாறும். ஆறு மாதம் அல்லது ஓராண்டு வெளியே போகும் ஆய்வாளரிடம் விலை உயர்ந்த புத்தகத் தொகுப்பும் நல்ல சைக்கிளும் கணினித் திரையும் இருந்தால் அப்போதும் மாறும். ஒப்பிட வேண்டியது பொருளை வாங்கிய விலையோடு அல்ல, இன்று மறுபடி வாங்க ஆகும் விலையோடு.

அதனால்தான் பணம் கட்டாத வழிகளே இன்னும் முன்னால் நிற்கின்றன. வாளி, கெட்டில், விசிறி, சைக்கிள் ஆகியவற்றை வெளியேறும் சீனியர் அடுத்து வரும் ஜூனியருக்குச் சும்மாவோ சிறு தொகைக்கோ கொடுத்துவிட்டுப் போவது விடுதி வாழ்க்கையின் நல்ல வழக்கங்களில் ஒன்று. வெளியே வீடு எடுத்துத் தங்கும் நண்பரின் அறையில் இரண்டு பெட்டி வைப்பது அடுத்தது. அதற்கு வாடகை கொடுக்காவிட்டாலும், வீட்டுக்காரருக்குத் தெரிவிப்பதும் திரும்பி வரும் தேதியைச் சொல்லிவிடுவதும் மரியாதை. வீடு பக்கத்தில் உள்ளவர் ஊருக்கே கொண்டுபோய்விடலாம். வித்துராவிலிருந்து பாலோடு, மடத்தறை, குளத்தூப்புழை, தென்மலை, ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் சாலை இருக்கிறது. நாகர்கோவில் போகிறவர் திருவனந்தபுரம் இறங்கிப் போக வேண்டும்.

தூர ஊர்க்காரருக்கு ரயில். கட்டணமின்றிக் கொண்டுபோகக்கூடிய சுமையின் அளவு வகுப்பைப் பொறுத்தது: ஏ.சி. முதல் வகுப்பில் 70 கிலோ, இரண்டடுக்கு ஏ.சி.யில் 50, மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ஸ்லீப்பரிலும் 40, இரண்டாம் வகுப்பில் 35. இதற்கு மேற்பட்டதைப் பார்சல் அலுவலகத்தில் பதிந்து அனுப்பலாம். மோட்டார் சைக்கிளையும் இப்படி அனுப்பலாம். பெட்ரோலை முழுக்க வடித்து, ஆர்.சி. புத்தக நகலைக் கொடுத்து, சாக்குச் சுற்றிக் கட்ட வேண்டும். ரயில் நிலைய க்ளோக் ரூமைச் சிலர் மாதக்கணக்கில் வைக்கும் இடமாக நினைக்கிறார்கள். அது பயணச்சீட்டு உள்ளவர் பூட்டிய பெட்டியைச் சில நாள் வைக்கும் இடம் மட்டுமே. பூட்டில்லாத பையையும் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியையும் அங்கே வாங்கமாட்டார்கள்.

புத்தகங்களுக்கு அஞ்சல் வழி உண்டு. அஞ்சல் துறை 2025 மே மாதத்தில் ஞான் போஸ்ட் என்ற சேவையைத் தொடங்கியது. பாடநூல்களையும் பண்பாட்டு, சமய நூல்களையும் குறைந்த கட்டணத்தில் அனுப்புவதற்கானது அது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், அதன்மேல் வரி. தரைவழியில் போவதால் மெதுவாகத்தான் போகும். விடுமுறைக்கு ஊருக்கு அனுப்பும் புத்தகத்துக்கு அவசரம் எதுவும் இல்லையே. கேரளத்துக்குள் ஒரு பணிமனையிலிருந்து இன்னொன்றுக்குப் பெட்டி அனுப்ப, மாநில அரசுப் பேருந்துக் கழகமான கே.எஸ்.ஆர்.டி.சி. 2023இல் தொடங்கிய கூரியர் சேவையும் இருக்கிறது.

எங்கே வைப்பது என்பதைவிட எப்படி வைப்பது என்பதுதான் வித்துராவில் பெரிய கேள்வி. காரணம் ஈரம். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. இடவ மாதத்தின் நடுவில் தொடங்குவதால் மலையாளிகள் அதை இடவப்பாதி என்பார்கள். மாணவர் அறையைப் பூட்டிவிட்டுப் போகும் வாரங்களும் மழை இறங்கும் வாரங்களும் ஏறக்குறைய ஒன்றே. மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவில், பேப்பாறை வனவிலங்குக் காப்பகத்துக்கும் அகத்தியமலைக் காடுகளுக்கும் அருகே இருக்கும் இந்த ஊரில் மலை மேகத்தைத் தடுத்து நிறுத்துவதால் மழை கூடுதல். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் இங்கே எட்டிப் பார்க்கும். மதுரையிலோ திருச்சியிலோ வளர்ந்தவருக்கு இந்த ஈரம் பழக்கமில்லாதது. அங்கே அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிய புத்தகம் பத்தாண்டு கழித்தும் தூசி தட்டினால் சரியாகிவிடும். இங்கே இரண்டு மாதத்தில் அட்டையில் வெள்ளைப் பூசணம் பூத்துவிடும்.

பூசணத்தின் வித்துகள் காற்றில் எப்போதும் இருக்கின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் அவை முளைத்துவிடும். மழைமாதங்களில் கேரளத்தின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது வழக்கம். பருத்தி, காகிதம், தோல், மரம், பசை எல்லாமே பூசணத்துக்கு உணவு. சன்னலும் கதவும் சாத்திய அறையில் காற்று அசையாமல் நிற்பதால் அது இன்னும் வேகமாகப் பரவுகிறது. பலர் செய்யும் ஒரு காரியம் நிலைமையை மோசமாக்கும்: அரைகுறையாகக் காய்ந்த துணியையும் புத்தகத்தையும் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டிவைப்பது. வெளி ஈரம் உள்ளே வராது, உண்மைதான். உள்ளே இருக்கும் ஈரமும் வெளியே போகாது.

ஆகவே கட்டும் முன்பே காயவைத்தாக வேண்டும். மே மாதத்தில் பிற்பகலில் இடிமழை வந்தாலும் காலை வெயில் இருக்கும். துணி, போர்வை, தலையணை, தோல்பை, ஷூ ஆகியவற்றை இரண்டு மூன்று காலை வெயிலில் காட்டி, சூடு ஆறியபின் பெட்டியில் வைக்க வேண்டும். கஞ்சி போட்ட வேட்டியையும் பருத்திச் சேலையையும் அலசிக் கஞ்சியை நீக்கிய பிறகே வைப்பது நல்லது. கஞ்சி பூசணத்துக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் விருந்து. மூடி இறுக்கமாகப் பொருந்தும் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியோ ரப்பர் விளிம்பு வைத்த பெட்டியோ அட்டைப்பெட்டியைவிடப் பல மடங்கு மேல். உள்ளே சிலிக்கா ஜெல் பை போட வேண்டும். ஷூ பெட்டியோடு வரும் சின்னப் பொட்டலம் போதாது. ஒரு பெரிய பெட்டிக்கு அரைக்கிலோ அளவுக்கு வேண்டும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லை மறுபடி சூடாக்கி உலர்த்திப் பயன்படுத்தலாம் என்பதை அறிவியல் மாணவருக்குச் சொல்லத் தேவையில்லை. கடையில் டப்பாவாகக் கிடைக்கும் ஈரம் உறிஞ்சிகளில் இருப்பது கால்சியம் குளோரைடு. அது நீரை உறிஞ்சித் தானே திரவமாகிவிடும். கவிழ்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் நனையும். துணி, புத்தகத்தோடு அதை ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது.

பாச்சை உருண்டை பூச்சியைத் தடுக்கும், பூசணத்தைத் தடுக்காது. கரையானுக்கு வேறு வழி: பெட்டிகளைத் தரையில் வைக்காமல் செங்கல்மேலோ பலகைமேலோ ஏற்றி, சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி வைக்க வேண்டும். சுவரை ஒட்டி வைத்தால் கரையான் வழி பிடிப்பது தெரியாது, சுவரின் ஈரமும் இறங்கும்.

ஒவ்வொரு பொருளுக்கும் தனித் தேவை இருக்கிறது. இலவம் பஞ்சு மெத்தையும் தேங்காய்நார் மெத்தையும் ஈரத்தைக் குடித்துக் கனத்துவிடும். மழைக்காலம் முழுக்கப் பூட்டிவைத்த மெத்தையில் மறுபடி படுப்பது நெஞ்சுக்கும் தோலுக்கும் நல்லதில்லை. அதைப் பாதுகாக்கப் பாடுபடுவதைவிடக் கொடுத்துவிடலாம். கேமரா லென்சும் பைனாகுலரும் வைத்திருப்போர் பொன்முடிப் பக்கத்தில் அதிகம், பறவை பார்க்க வரும் ஊரல்லவா. கண்ணாடிக்குள் பூசணம் படர்ந்தால் அதன் பூச்சையே அரித்துவிடும், துடைத்தால் போகாது. அவற்றைக் கையோடு எடுத்துச் செல்வதே சரி. கிதாரின் நரம்புகளைத் தளர்த்தி வைக்க வேண்டும். மிருதங்கத்தையும் தபலாவையும் இந்த ஈரத்தில் மூடிவைத்துப் போகவே கூடாது. தோல் தொய்ந்து, பூசணம் பிடித்து, வாத்தியம் திரும்பப் பழைய நாதத்துக்கு வர மாதங்கள் ஆகும். புத்தகங்களைச் சிறிய பெட்டிகளில் அடுக்குவது நல்லது. பெரிய பெட்டி முழுக்கப் புத்தகம் நிரப்பினால் ஒருவரால் தூக்க முடியாது, அடியும் பிய்ந்துவிடும். சைக்கிளின் சங்கிலியிலும் கம்பிகளிலும் எண்ணெய் தடவி, டயரில் காற்றைக் குறைக்காமல், கூரைக்குக் கீழே நிறுத்த வேண்டும். மோட்டார் சைக்கிளின் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். டார்ச், கால்குலேட்டர், ரிமோட் எல்லாவற்றிலிருந்தும் பேட்டரியை எடுத்துவிட வேண்டும். ஒழுகிய பேட்டரி பொருளையே கெடுத்துவிடும்.

எதை வைக்கக் கூடாது என்பதற்கு ஹாங்காங்கில் 2016 ஜூன் 21 அன்று நடந்ததை நினைவில் கொள்ளலாம். ங்காவ் டாவ் கோக் பகுதியில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் இருந்த மினி ஸ்டோரேஜ் அறைகளில் தீப்பிடித்தது. அணைக்க 100 மணி நேரத்துக்கு மேல் ஆனது. தீயணைப்பு வீரர் இருவர் உயிரிழந்தார்கள். நூற்றுக்கணக்கான சிறு அறைகள் உலோகத் தடுப்புகளோடும் பூட்டுகளோடும் நெருக்கமாக இருந்ததால், எந்த அறைக்குள் என்ன எரிகிறது என்பதை அறியவும் நீரைப் பாய்ச்சவும் வீரர்கள் பெரும்பாடு பட்டார்கள். அதன் பிறகு அங்கே இத்தகைய இடங்களுக்கான தீப் பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. கேஸ் அடுப்பு, சிலிண்டர், ஸ்பிரிட், சானிடைசர் கேன், பெயின்ட் தின்னர், பட்டாசு, பெட்ரோல் உள்ள வண்டி, வீங்கிய பவர்பேங்க் ஆகியவற்றை எந்த நிறுவனமும் ஏற்காது, விடுதிக் கிடங்கிலும் வைக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் தடை இருக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பக்கத்து அறையில் இன்னொரு மாணவரின் ஐந்தாண்டு உழைப்பு இருக்கிறது. அரிசி, பருப்பு, பிஸ்கட் இருந்தால் எலி வரும். ஆய்வக மாதிரிகளையும் வேதிப்பொருள்களையும் சொந்தப் பெட்டியில் வைப்பது எந்தச் சூழலிலும் தவறு. ஆய்வுக் குறிப்பேடு ஆய்வகத்தில் இருக்க வேண்டியது.

மூலச் சான்றிதழ்களையும் நகைகளையும் சாமான்களோடு வைப்பது மிகப் பெரிய பிழை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், பாஸ்போர்ட் ஆகியவை எப்போதும் கையோடு இருக்க வேண்டும், அல்லது வீட்டில். 2015இல் தொடங்கிய டிஜிலாக்கர் செயலியில் பல சான்றிதழ்களை மின்வடிவில் எடுத்துவைத்துக்கொள்ளலாம். அது கூடுதல் காப்பு. மூலத்தைத் தொலைத்தால் மறுபடி பெறும் அலைச்சல் குறைவதில்லை.

இனிப் பொறுப்பு. இந்தியாவில் செல்ஃப் ஸ்டோரேஜுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே அடிப்படை. ஒருவர் தன் பொருளை ஒரு நோக்கத்துக்காக இன்னொருவரிடம் ஒப்படைத்து, நோக்கம் முடிந்ததும் திரும்பப் பெறுவதை அந்தச் சட்டத்தின் 148ஆம் பிரிவு வரையறுக்கிறது. வாங்கியவர், சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பது போன்ற கவனத்தோடு அதைக் காக்க வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. நிறுவனம் பட்டியல் எழுதிப் பொருளை எடுத்துச் செல்லும் வகை இதற்குள் வந்துவிடும். சாவி மாணவரிடமே இருக்கும் வகையில், நாங்கள் இடத்தை மட்டுமே தந்தோம், பொருளை எங்களிடம் ஒப்படைக்கவில்லை என்று நிறுவனம் வாதிட இடமுண்டு. ஆகையால் மதிப்புள்ள பொருளுக்குப் பட்டியலிட்டு ஒப்படைக்கும் முறையே மாணவருக்குப் பாதுகாப்பு.

ரசீதின் அடியில் 'பொருளுக்கு உரிமையாளரே பொறுப்பு' என்று ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பலர் வாயடைத்துப் போகிறார்கள். ஆனால் அந்த வரியே முடிவல்ல. டெல்லி தாஜ்மகால் ஹோட்டலின் ஊழியரிடம் நிறுத்தக் கொடுத்த கார் 1998இல் திருடுபோன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. பொறுப்பில் எடுத்துக்கொண்ட வண்டியைத் தங்கள் கவனக்குறைவால் இழந்துவிட்டு, அப்படி ஒரு வரியைக் காட்டி ஹோட்டல் முழுமையாகத் தப்பிவிட முடியாது என்பது அதன் சாரம். தேவையான கவனம் எடுத்தோம் என்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டியவரும் வாங்கிவைத்தவரே. கார் நிறுத்துமிடம் பற்றிய வழக்கு என்றாலும், பொருளை ஒப்படைக்கும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய தீர்ப்பு அது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் சில இடங்களை நிதானமாகப் படிக்க வேண்டும். குறைந்தபட்ச வாடகைக்காலம் எத்தனை மாதம், முன்பணம் எப்போது திரும்பும், பாதியில் ஒரு பெட்டியை மட்டும் எடுக்கத் தனிக் கட்டணம் உண்டா, வாடகை தவறினால் எத்தனை நாளில் பொருளை விற்க உரிமை கோருகிறார்கள் என்பவை அவை. அமெரிக்காவில் வாடகை பாக்கிக்காக அறையைத் திறந்து ஏலம் விடுவது தொலைக்காட்சி நிகழ்ச்சியாகவே ஓடியது. இங்கே அந்த அளவு இல்லை. ஆயினும் வெளிநாட்டில் இருக்கும் மாணவரின் பழைய கைபேசி எண்ணுக்குப் போன எச்சரிக்கை யார் கண்ணிலும் படாமல் போகக்கூடும். வீட்டார் ஒருவரின் எண்ணையும் எழுதிக் கொடுப்பது அவசியம். காப்பீடு இருக்கிறது என்றால் எதற்கு என்று கேட்க வேண்டும். தீ, திருட்டுக்கு ஈடு தரும் பாலிசிகள், ஈரத்தால் மெல்ல மெல்லக் கெடுவதற்குப் பொதுவாக ஈடு தருவதில்லை. வித்துராவில் பயம் பெரும்பாலும் அந்த ஈரத்தால்தான்.

பட்டியல் இல்லாமல் எந்த உரிமையையும் நிலைநாட்ட முடியாது. ஒவ்வொரு பெட்டியையும் மூடும் முன் உள்ளே இருப்பதைப் படம் எடுத்து, மொத்தம் நான்கில் இது முதலாவது என்ற முறையில் எண் போட்டு, பெயர், பதிவு எண், தொலைபேசி, திரும்பும் மாதம் ஆகியவற்றை இரண்டு பக்கமும் எழுத வேண்டும். நிறுவனத்தின் குறைபாட்டால் இழப்பு நேர்ந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தை அணுகலாம். புகார் செய்பவர் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம் என்பது இந்தச் சட்டம் தந்த பெரிய நன்மை. திருவனந்தபுரத்தில் பொருளை வைத்த திருநெல்வேலி மாணவர் திருநெல்வேலியிலேயே புகார் கொடுக்க முடியும். கொடுத்த கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை.

பணம் கட்டாமல் விடுதிக் கிடங்கிலோ பூட்டிய அறையிலோ வைப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் எளிதில் கிடைக்காது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, சில வாரத்தில் திரும்பிவிடலாம் என்று நம்பி நாடு முழுவதும் மாணவர்கள் கைப்பையோடு ஊருக்குப் போனார்கள். அந்த ஜூன் மாதம் சென்னை மாநகராட்சி அண்ணா பல்கலைக்கழக விடுதிகளை நோயாளிகளுக்கான முகாமாக மாற்றக் கேட்டபோது, மாணவர்களின் உடைமைகள் இன்னும் அறைகளில் இருக்கின்றனவே என்பது பெரிய கேள்வியாக எழுந்தது. நோயாளிகளுக்கு இடம் வேண்டும், அதில் ஐயமில்லை. மாணவர் இல்லாதபோது அவருடைய அறையைத் திறப்பது யார், பொருளைப் பட்டியலிடுவது யார், எங்கே வைப்பது, கெட்டால் யாரைக் கேட்பது என்பதற்கெல்லாம் முன்கூட்டியே எழுதிய விதி பெரும்பாலான விடுதிகளில் அன்று இல்லை.

பெரிய செலவில்லாமல் இதைச் சரிசெய்யலாம். விடுதிக் கட்டடத்தின் மேல்தளத்தில், கூரை ஒழுகாத, சன்னலுக்குக் கம்பிவலை அடித்த ஓர் அறை போதும். எண் போட்ட இரும்பு அடுக்குகள், ஈரப்பதம் காட்டும் ஒரு கருவி, மழைமாதங்களில் ஓட ஓர் ஈரம் நீக்கும் இயந்திரம், பொருளை வாங்கும்போது இரண்டு படிகளில் ரசீது, வாரம் ஒருமுறை திறந்து பார்க்க ஓர் ஊழியர், திரும்ப எடுக்காத பொருளை எத்தனை மாதத்துக்குப் பிறகு என்ன செய்வது என்ற எழுத்து விதி ஆகியவை இருந்தால், வித்துராவின் மழையிலும் ஒரு மாணவரின் பெட்டி பத்திரமாக இருக்கும். காலியான சாப்பாட்டுக்கூடத்தின் மூலையில் பெட்டிகளைக் குவித்துவிட்டுக் கதவைச் சாத்துவது பாதுகாப்பு ஆகாது. தங்கிப் படிக்கும் மாணவரை ஏற்கும் ஒவ்வொரு நிறுவனமும், கட்டிலும் மேசையும் தருவது போலவே, விடுமுறைக்கு ஓர் உலர்ந்த அடுக்கையும் ஒரு ரசீதையும் தர வேண்டும். விடுதிக் காப்பாளர்களும் மாணவர் பேரவைகளும் இதை மே மாதத்தில் யோசித்தால் தாமதமாகிவிடும். ஜனவரியில் பருவம் தொடங்கும்போதே பேசி முடிவெடுக்க வேண்டும்.